ஊர்ல பாரதக் கூத்து வைக்கிறோம், அதோட சேர்த்து பசங்களுக்கு பகல்ல ஏதாவது பண்ணணும், எப்படி பண்றது?

ஏரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வந்தவாசி பக்கம் ஒரு கிராமம் எங்களுது. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் கொரோனாவுக்கு முன்னாடி நடந்ததுதான் கடைசி, அப்புறம் காசு சேரல, முன்ன நின்னு நடத்துன பெரியவங்க ரெண்டு மூணு பேர் தவறிட்டாங்க, அப்படியே நின்னு போச்சு. இந்த சித்திரையில வைக்கிறதுன்னு ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க. மதியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி 10 நாள் கூத்து, கடைசி நாள் காலையில துரியோதனன் சாகுற படுகளம், சாயங்காலம் தீமிதி. கூத்து ஆடுற குழுவுக்கு, அதான் ஜமாவுக்கு, தாம்பூலம் கொடுத்தாச்சு.

நான் சென்னையில வேலை பாக்குறேன், எங்க வாட்ஸ்அப் குரூப்ல இருக்குற பசங்க நாங்க 20 பேர் சேர்ந்து செலவுல ஒரு பங்கு ஏத்துக்கிட்டோம். அப்பதான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு. போன தடவை என் அக்கா பொண்ணு ரெண்டாவது படிச்சா, மடியில வச்சிருந்தேன், துரியோதனன் வேஷம் திரைக்குப் பின்னாடி நின்னு பாடிட்டு வெளிய வந்து சுத்த ஆரம்பிச்சதும் "மாமா, இவரு யாரு, ஏன் சுத்திக்கிட்டே இருக்காரு"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. துரியோதனன்னு சொன்னேன், ஏன் சுத்துறாருன்னு சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் அவ ரெண்டு மூணு கேள்வி கேட்டா, எதுக்கும் என்கிட்ட சரியா பதில் இல்ல, அவ தூங்கிட்டா. என் தாத்தா பிரசங்கம் நடக்கும்போது என்ன பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொரு பாட்டுக்கும் காதுல சொல்லிக்கிட்டே வருவாரு, அதனாலதான் ராத்திரி கூத்து எனக்கு புரிஞ்சுது. அவர் இல்ல, அந்த இடத்துல நான் உக்காரணும், ஆனா எனக்கு ஒன்னும் தெரியாது. இது ரொம்ப நாளா மனசுல இருக்கு.

அதனால கூத்து நடக்குற 10 நாள்ல ஒரு 4, 5 நாளாவது பகல்ல ஊர்ப் பசங்களுக்கு கூத்துன்னா என்ன, வேஷம் என்ன, தாளம் என்னன்னு கலைஞர்களே சொல்லிக் கொடுக்குற மாதிரி வைக்கலாம்னு ஆசை. ஆனா சந்தேகம் நிறைய இருக்கு. ராத்திரி பூரா ஆடுறவங்கள பகல்லயும் கூப்பிடுறது நியாயமா? எந்த நேரத்துல வைக்கிறது? அதுக்கு தனியா காசு கொடுக்கணுமா? கோயில் பெரியவங்க "இது சாமி காரியம், பசங்க விளையாடுற இடம் இல்ல"ன்னு சொல்றாங்க, அவங்கள எப்படி ஒத்துக்க வைக்கிறது? பரீட்சை நேரம் வேற. பொம்பளப் பிள்ளைங்களையும் சேர்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. யாராவது இந்த மாதிரி செஞ்சிருந்தா, செஞ்சு பாத்து சரியா வரலன்னாலும் பரவால்ல, சொல்லுங்க.

---

முகவீணை எழுதியது:

தம்பி, உங்க கேள்விய படிச்சதும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. நான் கூத்துக் குடும்பம், அப்பா பின்பாட்டு, நான் 15 வருஷமா ஜமாவுல முகவீணை ஊதுறேன். எங்கள யாரும் இப்படி கேட்டதில்ல. கூப்பிடுவாங்க, ஆடுவோம், விடிஞ்சா வண்டி ஏத்தி அனுப்புவாங்க.

முதல்ல நேரம். நாங்க விடிய விடிய ஆடி முடிச்சு அரிதாரம் கழுவி படுக்க காலையில 7, 8 மணி ஆயிடும், மதியம் 1 மணி வரைக்கும் யாரையும் எழுப்பாதீங்க, வேஷக்காரருக்கு தொண்டையும் காலும்தான் சோறு போடுது. சாப்பிட்டு 2 மணி வாக்குல பிரசங்கம் ஆரம்பிச்சா 5 மணிக்குள்ள முடிஞ்சிடும், அதுக்கப்புறம் 5லேர்ந்து ஆறரை வரைக்கும் ஒரு ஒன்றரை மணி நேரம் எங்களால முடியும். 10 நாளும் வேணாம், 4 நாள் போதும். பெரிய சண்டைக் கூத்து, பதினெட்டாம் போர் மாதிரி இருக்குற அன்னிக்கு வைக்காதீங்க, அன்னிக்கு எல்லாரும் உடம்ப பாத்துக்கணும்.

உங்க அக்கா பொண்ணு கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அந்த சுத்துக்கு கிறுக்கின்னு பேரு. ராஜா வேஷம் மரத்துல செஞ்ச அம்புட்டு அணிகள (கட்டைன்னு சொல்வோம்) கட்டிக்கிட்டு சுத்துறது அவனோட வேகத்தையும் ஆங்காரத்தையும் காட்டத்தான், துரியோதனன் சுத்துறதுக்கும் அர்ச்சுனன் சுத்துறதுக்கும் நடையே வேற. இத வாயால சொன்னா பசங்களுக்கு ஏறாது. பசங்கள எழுப்பி நிக்க வச்சு, மத்தளக்காரர் தட்ட, ரெண்டு அடவு போட வச்சு, அப்புறம் ஒரே ஒரு கிறுக்கி சுத்த வையுங்க. தலை சுத்தி உக்காருவாங்க. அன்னிக்கு ராத்திரி அதே சுத்த எங்க ஆளு விடாம சுத்துறத பாக்கும்போது அந்தப் பிள்ளை பாக்குற பார்வையே வேறயா இருக்கும், நான் பாத்திருக்கேன்.

ரெண்டாவது, வேஷம் கட்டுற இடம். எட்டரை மணிக்கு மேல நாங்க அரிதாரம் பூச ஆரம்பிப்போம், ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். அங்க பத்துப் பத்துப் பிள்ளைங்களா கூட்டிட்டு வந்து சத்தம் போடாம உக்கார வச்சா அதுவே பெரிய பாடம். சாதாரண மனுஷன் ஒருத்தர் பீடிய அணைச்சிட்டு கண்ணாடி முன்னாடி உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா கர்ணனா மாறுறத கண்ணால பாக்கலாம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செதுக்குறது, கனம் கம்மியா இருக்கும்னுதான் அந்த மரம், அதுலயே கண்ணாடித் துண்டும் கலர் பேப்பரும் ஒட்டினது. அத தொட்டுப் பாக்கட்டும். ஆனா தலையில வைக்கிறதுக்கு ஜமாவ நடத்துற வாத்தியார கேக்கணும், நாங்க கும்பிட்டுதான் கட்டுவோம், ஒரு சிலர் கொடுப்பாங்க, ஒரு சிலர் கொடுக்க மாட்டாங்க, கொடுக்கலன்னா வற்புறுத்தாதீங்க. அட்டையில கிரீடம் வெட்டி பசங்களே வர்ணம் பூசட்டும்.

மூணாவது ஒன்னு சொல்றேன், யாரும் யோசிக்க மாட்டாங்க. ஒவ்வொரு பெரிய வேஷமும் வரும்போது ரெண்டு பேர் திரை பிடிப்பாங்க இல்ல, அத பசங்கள பிடிக்க விடுங்க. வேஷக்காரர் திரைக்குப் பின்னாடி பாடும்போது ஒரு அடி தூரத்துல நிக்கிறது திரை பிடிக்கிற ஆளுதான். நான் எட்டு வயசுல திரை பிடிச்சவன், அதனாலதான் இன்னிக்கு இந்தத் தொழில்ல இருக்கேன்.

காசு விஷயம் மறைக்காம சொல்றேன். ராத்திரி கூத்துக்கு பேசுன தொகையில இருந்து இத கழிக்காதீங்க, "அப்படியே கொஞ்சம் பசங்களுக்கும் சொல்லிக் குடுங்க"ன்னு கடைசி நேரத்துல கேக்காதீங்க. பகலுக்குன்னு தனியா, எத்தன பேர், எவ்வளவு நேரம், ஆளுக்கு எவ்வளவுன்னு வாத்தியார்கிட்ட முன்கூட்டியே பேசி, கவர்ல போட்டு அவங்கவங்க கையில கொடுங்க. நாலு பேர் வந்தா போதும்: கட்டியக்காரன், ஒரு கட்டை வேஷம், மத்தளம், நான் மாதிரி ஒரு ஆளு. கட்டியக்காரன விட்டுடாதீங்க. ராஜாவ கேள்வி கேக்குறது, கதைய நடுநடுவுல நம்ம ஊர் பேச்சுல விளக்கி சொல்றது எல்லாம் அவன்தான், பசங்ககிட்ட அவனுக்கு மிஞ்சின வாத்தியார் கிடையாது.

---

சாக்பீஸ் எழுதியது:

நான் அரசு நடுநிலைப்பள்ளி டீச்சர், திருவண்ணாமலை மாவட்டம்தான். முகவீணை அண்ணா சொன்னது ஒவ்வொன்னும் உண்மை. நான் சரியா வராததையும் சொல்றேன், ஏன்னா அதுலதான் நான் கத்துக்கிட்டேன்.

ஒரு வருஷம் வேற ஒரு பள்ளியில இருந்தப்ப மரபுக் கலை விழான்னு ஒரு அமைப்பு கூத்துக் கலைஞர்கள கூட்டிட்டு வந்தாங்க. காலையில 11 மணி வெயில், 300 பிள்ளைங்க மண்ணுல உக்காந்திருந்தாங்க, பேனர் பெருசா கட்டியிருந்தாங்க, சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை, போட்டோ எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் கட்டையோட முழு வேஷம் கட்டின அந்தப் பெரியவர் ஓரமா புளியமரத்தடியில நின்னுக்கிட்டே இருந்தாரு, உக்காரக்கூட முடியாது அந்த வேஷத்துல. கடைசியில அவருக்கு 10 நிமிஷம் கொடுத்தாங்க. பாடுற பாட்டு பசங்களுக்கு ஒரு வார்த்தை புரியல, சிரிச்சாங்க. அவர் முகம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. கூப்பிட்டு அவமானப்படுத்தி அனுப்பின மாதிரி இருந்துச்சு, அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய் அழுதேன்.

அதுக்கப்புறம் நான் இருக்குற பள்ளியில வேற மாதிரி பண்ணோம். முதல்ல கூத்து வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கதைய ஆரம்பிச்சிட்டோம், ஒரே ஒரு கதை, கர்ண மோட்சம். தினமும் கடைசி பீரியட்ல 15 நிமிஷம். பாரதம் முழுசா சொல்லணும்னு பேராசைப்பட்டா எதுவும் நிக்காது. ஆனா கதைய முடிக்கல, கர்ணன் போருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அவன் பொண்டாட்டி பொன்னுருவி அவன்கிட்ட பேசுற இடத்துல நிறுத்திட்டோம். மிச்சத்த கூத்துல பாருங்கன்னு சொல்லிட்டோம். பசங்க அம்மா அப்பாவ இழுத்துக்கிட்டு வந்தாங்க, விடியக்காலை வரைக்கும் முழிச்சிருந்தாங்க. கதை தெரிஞ்ச பிள்ளைக்கு பாட்டு புரியும், இது அவ்வளவுதான், வேற ரகசியம் இல்ல. ஏரிக்கரை சார், உங்க தாத்தா காதுல சொன்னதும் இதேதான்.

அப்புறம் பிரசங்கியார். எல்லாரும் கூத்துக் கலைஞர்களையே யோசிக்கிறீங்க, மதியானம் வில்லிபாரதம் பாடி விளக்கம் சொல்றவர் இருக்காரே, அவர்தான் இந்த ஏற்பாட்டோட முதல் வாத்தியார். பகல்ல கதையக் கேட்டுட்டு அதையே ராத்திரி கண்ணால பாக்குறதுன்னு நம்ம முன்னோர்கள் பாரதத்துக்கு அமைச்சு வச்ச முறை எவ்வளவு அழகு பாருங்க. இப்ப பல ஊர்ல பிரசங்கம் நடக்கும்போது மைக் மட்டும் ஊருக்கெல்லாம் கேக்கும், எதிர்ல நாலு பாட்டிங்க உக்காந்திருப்பாங்க. நாங்க பிரசங்கியார்கிட்ட போய் பேசினோம், தினமும் முதல் அரை மணி நேரம் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்குங்க, நடுவுல கேள்வி கேட்டா கோவப்படாதீங்கன்னு. அவருக்கு 70 வயசு இருக்கும், கண்ணு கலங்கிட்டாரு. ஒரு பையன் "துகிலுரியும்போது பீமன் ஏன் சும்மா இருந்தான்"னு கேட்டான், அதுக்கு அவர் 20 நிமிஷம் பதில் சொன்னாரு, கூட்டத்துல இருந்த பெரியவங்க எல்லாம் அதுல சேர்ந்துக்கிட்டாங்க, நான் எந்த வகுப்புலயும் அப்படி ஒரு விவாதம் பாத்ததில்ல.

கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி, பரிசுன்னு தயவுசெஞ்சு வைக்காதீங்க, வச்சதும் நல்லா எழுதுற அஞ்சு பிள்ளைங்க மட்டும் மிஞ்சுவாங்க. அதுக்குப் பதிலா ஊர்ப் பெரியவங்ககிட்ட பேச அனுப்புங்க. முன்னாடி அர்ச்சுனன் தவத்துக்கு ஏறுற தபசு மரம் எங்க நட்டாங்க, அர்ச்சுனன் வேஷம் ஏறி மேல இருந்து எலுமிச்சம்பழம் வீசினப்ப யாருக்கு கெடச்சுது, பகாசுரனுக்கு சோறு ஏத்தின வண்டி எந்தெந்தத் தெரு வழியா போச்சு, இதெல்லாம் கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க. எங்க பிள்ளைங்க ஒரு நோட்டு முழுக்க எழுதினாங்க, அது பள்ளியில இருக்கு.

பரீட்சை பத்தி ஒரு வார்த்தை. சித்திரைக்குள்ள சின்ன வகுப்புகளுக்கு முடிஞ்சிடும், ஆனாலும் தலைமையாசிரியர்கிட்டயும் பள்ளி மேலாண்மைக் குழுவுலயும் இப்பவே பேசிடுங்க. அஞ்சாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் வச்சுக்கோங்க, பத்தாவது பிள்ளைங்கள விட்டுடுங்க பாவம்.

---

வடக்குமாடம் எழுதியது:

நான் சென்னை, கச்சேரி ரசிகன், கூத்து பத்தி அதிகம் தெரியாது, ஆனா டீச்சர் சொன்ன "முதல்ல விளக்கம் அப்புறம் கலை" விஷயத்துல ஒன்னு சொல்லத் தோணுது. 1927 டிசம்பர்ல சென்னையில காங்கிரஸ் மாநாடு நடந்தப்ப கூடவே இசை மாநாடு ஒன்னு நடந்துச்சு, அதுல இருந்து பிறந்ததுதான் மியூசிக் அகாடமி, 1928ல ஆரம்பிச்சாங்க. அங்க மார்கழியில சாயங்காலம் கச்சேரின்னா காலையில வித்வான்களும் ஆராய்ச்சியாளர்களும் பேசுவாங்க, பேசி பாடியும் காட்டுவாங்க, கேக்குறவங்க எழுந்து கேள்வி கேப்பாங்க, சில நாள் வாக்குவாதமே நடக்கும். அதுக்கு டிக்கெட் கிடையாது. நான் காலேஜ் படிக்கும்போது சாயங்கால டிக்கெட்டுக்கு காசு இல்லாம காலையில மட்டும் போய் உக்காருவேன், எனக்கு ராகம் கேக்கத் தெரிஞ்சதே அந்தக் காலைப் பேச்சுலதான். அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு.

ஆனா அங்க வர்றவங்க யாருன்னு பாத்தா பெரும்பாலும் ஏற்கனவே தெரிஞ்சவங்க, வயசானவங்க. அதனாலதான் மாணவர்களத் தேடிப் போற முயற்சிகள் வந்துச்சு. 1977ல டெல்லி ஐ.ஐ.டி.யில கிரண் சேத் ஆரம்பிச்ச ஸ்பிக் மெக்கே அமைப்பு, பெரிய பெரிய வித்வான்கள பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் கூட்டிட்டுப் போய் பாடவும் பேசவும் வைக்கிறாங்க. சென்னையில 2008ல டி.எம்.கிருஷ்ணா உள்பட சில பேர் மாணவர்களுக்குன்னே ஸ்வானுபவா விழா தொடங்கினாங்க. 2015ல பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்துல மீனவ மக்களோட சேர்ந்து விழா வச்சாங்க, நான் போயிருந்தேன், கடல் காத்துல கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில. அங்க நான் பாத்தது என்னன்னா, குப்பத்துப் பிள்ளைங்க மேடைக்கு ஒரு கை தூரத்துல மணல்ல உக்காந்திருந்தாங்க, யாரும் அவங்கள பின்னாடி போன்னு சொல்லல. அந்த ஒரு விஷயத்த மட்டும் உங்க ஊர்லயும் பாத்துக்கோங்க: பசங்க எங்க உக்கார்றாங்க.

இன்னொன்னு, பாரிஸ்ல இருந்து தியேத்தர் து சொலேய்ங்கிற பெரிய நாடகக் குழு உங்க செய்யாறு பக்கத்துப் புரிசை சம்பந்தத் தம்பிரான்கிட்ட கூத்து கத்துக்கிட்டு 2016ல அத அவங்க நாடகத்துல ஆடுனாங்க. அத்தன தூரத்துல இருந்து வந்து அந்த அடவ கத்துக்கிட்டுப் போறாங்க, நம்ம பிள்ளைங்களுக்கு அது சைக்கிள்ல போற தூரத்துல இருக்கு.

---

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பில இருந்து எழுதுறன். உங்கட கூத்தும் எங்கட கூத்தும் வேற வேறதான், ஆனா கேள்வி ஒண்டுதான்.

எங்கட பக்கம் வடமோடி, தென்மோடி எண்டு ரெண்டு வகைக் கூத்து இருக்கு. நீங்க பகலில தனியா பயிற்சி வைக்கிறதப் பத்திக் கதைக்கிறீங்க, எங்களுக்கு கூத்துப் பழகுறதே ஊர் பாக்கிற விஷயம். கூத்துப் பழக்குற அண்ணாவியார் முதல்ல சட்டம் கொடுப்பார், அதாவது ஆர் ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு ஏடு கொடுக்கிறது. பிறகு மாசக்கணக்கா ராவையில கூத்தாடுற களரியில பழகுவாங்க, சின்னப்பிள்ளைகள் எல்லாம் சுத்தி இருந்து பாத்துக்கொண்டு இருக்கும். சதங்கை அணியிறது ஒரு விழா, அடுக்குப் பாக்கிறது, அதாவது எல்லாம் சரியா எண்டு ஆடிப் பாக்கிறது, ஒரு விழா, அதுக்குப் பிறகுதான் அரங்கேற்றம். அரங்கேற்றம் வாறதுக்குள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு அரைவாசிப் பாட்டு மனப்பாடம். எங்கட அம்மாவுக்கு இப்பவும் தருமர்ர வரவுப் பாட்டு முழுசாத் தெரியும், அவ ஒரு நாளும் ஆடினதில்ல, களரிக்குப் பக்கத்தில வீடு, அவ்வளவுதான்.

1960களில பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கூத்தக் கொண்டு போனார், கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் மாணவர்கள் ஆடினாங்க, மௌனகுரு சேர் அதில முக்கியமானவர். அது கூத்துக்கு பெரிய மரியாதையக் கொடுத்தது, நேரமும் சுருங்கினது, விடிய விடிய ஆடினது ரெண்டு மணித்தியாலம் ஆனது. பிறகு ஜெயசங்கர் சேர் ஆக்கள் சீலாமுனை ஊருக்குள்ளயே இருந்து அந்த மக்களோட சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் எண்டு செய்தாங்க, சிறுவர் கூத்தும் அதில வந்தது. எனக்கு ரெண்டும் வேணும் எண்டுதான் படுது, ஆனா மனசு ரெண்டாவது பக்கம்தான் சாயுது, ஏனெண்டா அங்க கூத்து எப்பிடி ஆடுறது, எத மாத்துறது எண்டு ஊர்ச்சனமே கதைச்சு முடிவெடுத்தாங்க.

அதால உங்களுக்கு நான் சொல்லுறது, நாலு நாள் பயிற்சியோட விட்டிராதீங்க தம்பி. அந்த நாலு நாளில நல்லா ஆடுற, ஆசைப்படுற பிள்ளைகள் ஒரு அஞ்சு பேர் கட்டாயம் இருக்கும். கூத்து முடிஞ்சு ஜமா போன பிறகு அந்த அஞ்சு பேருக்கும் என்ன செய்யப் போறீங்க எண்டு இப்பவே யோசியுங்க. மாசத்தில ஒரு ஞாயிறு ஒரு வாத்தியார் வந்து போனாலே காணும்.

---

தெருமுனை எழுதியது:

எல்லாம் நல்லா இருக்கு, ஆனா யாரும் கேக்காத ஒன்ன கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பயிற்சி எங்க நடக்கும்? கோயில் வாசல்லயா?

நான் காலனி ஆளு. எங்க ஊர்லயும் பாரதம் நடக்கும். சின்ன வயசுல கூத்து பாக்க நாங்க வாய்க்கால் தாண்டி தூரத்துலதான் நிப்போம், முன்னாடி போனா பேச்சு வரும். கட்டியக்காரன் என்ன ஜோக் சொன்னான்னு எங்களுக்கு கேக்கவே கேக்காது, முன்னாடி சிரிக்கிறத பாத்து நாங்களும் சிரிப்போம். கூத்துக்கு எங்க பெரியப்பா மேளம் அடிப்பாரு, ஊர்வலத்துக்கு நாங்க வேணும், ஆனா எங்களுக்கு இடம் அந்த வாய்க்கால் தாண்டித்தான். இப்ப ரொம்ப மாறியிருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா "ஊர்ப் பசங்களுக்கு"ன்னு நீங்க எழுதினத படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது, அந்த ஊர்ல நாங்க சேர்த்தியா இல்லையான்னுதான்.

பள்ளிக்கூடத்துல வையுங்க. அங்க எல்லா பிள்ளையும் ஒரே பெஞ்சுல உக்காருது. திரை பிடிக்க விடணும்னு முகவீணை அண்ணன் சொன்னாரே, அதுல எங்க பக்கத்துப் பிள்ளை ஒன்னாவது ஒரு நாளாவது நிக்கணும். அது நடந்தா நான் எங்க இருந்தாலும் வந்து பாப்பேன்.

---

முகவீணை எழுதியது:

தெருமுனை தம்பி சொன்னது மனசுல பட்டுச்சு. எங்க ஜமாவுலயும் எல்லா ஜாதிக்காரரும் இருக்கோம், ஆடும்போது ஒன்னாத்தான் ஆடுறோம், ஆனா சில ஊர்ல சாப்பாட்டுக்கு உக்காரும்போது வித்தியாசம் காட்டினது உண்டு. பள்ளிக்கூடம்தான் சரி. எங்களுக்கும் அதான் வசதி, ஃபேன் இருக்கும், தண்ணி இருக்கும்.

பொம்பளப் பிள்ளைங்க பத்தி ஏரிக்கரை தம்பி கேட்டதுக்கு யாரும் சொல்லல. பழைய ஜமாக்கள்ல பெண் வேஷமும் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. ஆனா காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல பெ.ராஜகோபால் வாத்தியாரும் ஹன்னே டி புரூயின் அம்மாவும் 2002லேர்ந்து பல வருஷம் கட்டைக்கூத்து குருகுலம் நடத்தினாங்க, பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒன்னா, பொண்ணுங்களும் அங்க தங்கி கத்துக்கிட்டு ராஜா வேஷமே கட்டி ஆடினாங்க. நான் கண்ணால பாத்தேன், பீமன் வேஷத்துல ஒரு பொண்ணு அடவு போட்டுச்சு, எங்க அப்பா எழுந்து நின்னு கை தட்டினாரு, அவர் லேசுல யாரையும் மெச்ச மாட்டாரு. அதனால கோயில் பெரியவங்க கேட்டா இத சொல்லுங்க. அவங்கள கூட்டத்துல வச்சு கேக்காதீங்க, கூட்டத்துல யாரும் சரின்னு சொல்ல மாட்டாங்க. பிரசங்கியார் கூட போய் வீட்டுத் திண்ணையில உக்காந்து தனியா பேசுங்க. கோயில்ல எந்த முறையும் மாறாது, காப்பு கட்டுறது, படுகளத்துல துரியோதனன் உருவத்துக்கு மண்ணு போடுறது, அம்மன் கூந்தல் முடியிறது எல்லாம் அவங்க முறைப்படிதான், பசங்க பாடம் மட்டும் பள்ளிக்கூடத்துலன்னு பிரிச்சு சொல்லிட்டா பயம் போயிடும்.

---

ஏரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் கை கூப்பி நன்றி. தெருமுனை அண்ணா, நீங்க கேட்ட கேள்விய நான் யோசிக்கவே இல்ல, என் மேல தப்புதான், கோயில் மண்டபத்துலதான் வைக்கிறதா இருந்தேன். நேத்து ஊருக்குப் போயிருந்தேன், தலைமையாசிரியர பாத்தேன், பெரிய ஹாலு ஒன்னு இருக்கு, சாவி தர்றேன்னு சொல்லிட்டாங்க. காலனித் தெருவுக்கு நானும் இன்னும் ரெண்டு பசங்களும் போய் வீடு வீடா சொல்லிட்டு வந்தோம். ஒரு அம்மா "எங்க புள்ளைய திரை பிடிக்க விடுவீங்களா"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. விடுவோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன், இப்ப அந்த வார்த்தைய காப்பாத்தணும், அதுக்காக இன்னிக்கு ராத்திரியே பெரியவர் ஒருத்தர் வீட்டுத் திண்ணைக்கு பிரசங்கியாரோட போறேன்.

டீச்சர், நீங்க சொன்ன மாதிரி கர்ண மோட்சம்தான் எடுத்துக்கப் போறோம், அது எட்டாவது நாள் வருது. கூத்துக்கு முன்னாடி ரெண்டு வாரம் கதை சொல்ல ஊர்ல ஆள் இல்ல, அத நானே பண்ணலாம்னு இருக்கேன், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினா சனி ஞாயிறு இருக்க முடியும். பிரசங்கியார்கிட்ட உக்காந்து முதல்ல நான் கத்துக்கணும். முகவீணை அண்ணே, நாலு பேருக்கு நாலு நாளைக்கு தனிக் கணக்கு போட்டு குரூப்ல சொன்னேன், ரெண்டு நாள்ல சேர்ந்துடும் போல இருக்கு. வாவிக்கரை ஐயா, மாசத்துல ஒரு ஞாயிறுங்கிறத எழுதி வச்சிருக்கேன், எங்க ஜமா வாத்தியார்கிட்ட அதையும் சேர்த்தே கேக்குறேன்.

அக்கா பொண்ணுக்கு போன் பண்ணி சொன்னேன், அவ இப்ப பெரிய வகுப்பு போயிட்டா. கிறுக்கின்னு பேரு, ஆங்காரத்த காட்டுறதுக்குன்னு சொன்னேன். "அப்ப தர்மர் சுத்துவாரா மாமா"ன்னு கேட்டா. அண்ணே, தர்மர் சுத்துவாரா?

---

முகவீணை எழுதியது:

சுத்துவாரு, ஆனா நிதானமா. அந்தப் பொண்ண முதல் நாளே கூட்டிட்டு வாங்க, மத்தளக்காரர்கிட்ட சொல்லி வைக்கிறேன், ரெண்டையும் ஆடிக் காட்டச் சொல்றேன்.